மேடையில் பேசாமல் நின்ற மாணவர்கள்

தகவல் பாதுகாப்பு இன்றைக்கு ஒரு முதுகலைப் பட்டம். கட்டணம் கட்டினால் யாரும் படிக்கலாம் என்கிறார்கள். நானும் கட்டித்தான் படித்தேன். பாடப்புத்தகத்தில் அதன் வரலாறு இரண்டே பத்தி. 1976ல் டிஃபியும் ஹெல்மனும், 1977ல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன். மேதைகள் கண்டார்கள், உலகம் வாங்கிக்கொண்டது. இந்தக் கதையாடலில் அரசு எங்கே போயிற்று?

1977 ஜூலையில் அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு ஒன்றுக்குக் கடிதம் வந்தது. சங்கேதக் கலை ஆய்வுகளை வெளிநாட்டவர் இருக்கும் அரங்குகளில் வாசிப்பது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்றது. எழுதியவர் ஜே. ஏ. மேயர். தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்ப்பதை அவர் குறிப்பிடவில்லை. கணிதச் சமன்பாடும் பீரங்கியும் ஒரே பட்டியலில்!

அந்த அக்டோபரில் கார்னெல் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஹெல்மனின் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ரால்ஃப் மெர்க்கிளும் ஸ்டீவ் பொலிக்கும் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழக வழக்கறிஞர் கைவிரித்தார். வழக்கு வந்தால் பேராசிரியருக்காக நிற்கலாம், அவர் ஊழியர், மாணவர்களுக்காக முடியாது. வாசித்தே தீருவோம் என்றிருந்த பையன்கள் வீட்டில் பேசியபின் பின்வாங்கினார்களாம். கடைசியில் ஹெல்மன் வாசித்தார். கட்டுரையின் சொந்தக்காரர்கள் பக்கத்தில் வாய்திறக்காமல் நின்றார்கள். அறிவு யாருடையது, அதைப் பேசும் வாய் யாருடையது என்ற பிரிவினையை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் வேறு காட்சி எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் கதை இன்னும் மோசம். செல்டன்ஹாமில் உள்ள அரசு ஒற்றுக்கேட்பு அமைப்பில் ஜேம்ஸ் எல்லிஸ் 1970லேயே அடிப்படை யோசனையை எழுதிவிட்டார். 1973ல் கிளிஃபோர்ட் காக்ஸ் அதற்குக் கணிதம் கண்டார். 1997 டிசம்பர்வரை அது பூட்டிய அறையில் கிடந்தது. எல்லிஸ் அதற்கு முந்தின மாதம்தான் செத்துப்போனார். ராயல் ஹாலோவே கல்லூரி இந்த முதுகலைப் படிப்பை 1992ல் தொடங்கியது. முதல் ஐந்து வருஷம் அந்த வகுப்பறையில் அது அமெரிக்கக் கண்டுபிடிப்பாகத்தான் இருந்திருக்கும்.

1995ல் பெர்க்லி ஆய்வு மாணவர் டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் நிரலை வெளியிடும் உரிமை கேட்டு அமெரிக்க அரசின்மேல் வழக்குப் போட்டார். 1999ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிரலும் பேச்சுதான் என்றது. மறுவிசாரணைக்காக அந்தத் தீர்ப்பும் விலக்கப்பட்டது.

எங்கள் பாடத்திட்டத்தில் ஏற்றுமதிச் சட்டம் ஐந்து மதிப்பெண் கேள்வி. செல்டன்ஹாம் அமைப்போ 2014ல் இங்கிலாந்தின் முதுகலைப் படிப்புகளுக்கே சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. முதல் பட்டியலில் ராயல் ஹாலோவேயும் இருந்தது.