கயிற்றுத் தையலும் செப்புக்கம்பித் தையலும்

சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். ஒன்று, துறைமுகம் அமைவதற்கு முந்தைய சென்னையில் கப்பற்பயணிகளை அலை கடந்து கரைசேர்த்த மசூலாப் படகு; அதன் பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. மற்றொன்று, கேரளக் கடற்கரைக் கொட்டகை ஒன்றில் பாதி கட்டிய நிலையில் நிற்கும் பிளைவுட் படகு. அதன் விளிம்புகள் செப்புக்கம்பியால் தைக்கப்பட்டிருந்தன. 'இரண்டாயிரம் ஆண்டு மரபு அறுபடாமல் வருகிறது' என்று கீழே குறிப்பும் எழுதியிருந்தார்.

அவ்வாறு எண்ணத் தோன்றுவது இயல்பே. என் ஆய்வேட்டின் முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். அது பிழை. 'தையல்' என்ற ஒரே சொல் இரண்டு வேறு தொழில்நுட்பங்களை மூடி மறைத்துவிட்டது. மொழியியல் படித்துவிட்டுத் தொழில்நுட்ப வரலாற்றுக்குள் வருபவர்கள் எளிதில் விழும் குழி இது.

பழைய தையலிலிருந்து தொடங்குவோம். இந்தியப் பெருங்கடலின் கயிற்றால் தைத்த கலங்களைப் பற்றி 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா எழுதியுள்ளார். ஆணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடைந்துவிடும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்துகொடுத்துத் தப்பிக்கும் என்பது அவர் தரும் விளக்கம். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகள் குறித்து 1920இல் வெளியிட்ட ஆய்வில் இக்கலங்களை விரிவாக விவரிக்கிறார். இங்கே நாம் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றே: இத்தகைய படகில் கயிறுதான் கட்டுமானம். கயிற்றை அறுத்தால் படகு இல்லை. நார் இற்றுப்போகும்போது பிரித்து, மீண்டும் தைக்க வேண்டும். நம் சொற்களும் இதையே காட்டுகின்றன. தமிழில் கட்டுமரம், மலையாளத்தில் கெட்டுவள்ளம். இரண்டுக்கும் அடி ஒரே திராவிட வினையான 'கட்டு'. (அந்தக் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகைக் குறிப்பது தனிக் கதை.)

நெகிழ்ந்துகொடுக்கும் இந்த உடலுக்குள் எஞ்சின் வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. உள்ளே பொருத்தும் எஞ்சினிலிருந்து நீருக்குள் இருக்கும் விசிறி வரை ஒரு தண்டு நேர்கோட்டில் செல்ல வேண்டும். உடல் நெகிழ்ந்தால் அந்த நேர்கோடு கலையும். தண்டு உரசும், தாங்கி தேயும், நீர் கசியும். அதிர்வு தையலையும் தளர்த்தும். போதாக்குறைக்கு, துறைமுகமில்லாத கரையில் அலையோடு வந்து மணலில் ஏறும் படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி முதல் நாளிலேயே முறியும்.

இந்தோ-நார்வே திட்டத்தின் தொடக்கக் காலத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய முத்தரப்பும் 1952இல் செய்த உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் 1953இல் பணி தொடங்கியது. உள்ளூர்க் கலங்களிலேயே எஞ்சின் பொருத்துவது முதல் எண்ணம். அக்கலங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. எனவே புதிய சிறு எஞ்சின் படகுகள் வடிவமைக்கப்பட்டன. அவை நாளடைவில் இறால் இழுவைமடிப் படகுகளாக வளர்ந்தன. அவற்றுக்கு ஒதுங்கிடம் வேண்டும். ஆகவே கழிமுகமும் துறைமுகமும் உள்ள ஊர்களுக்கு எஞ்சின் கிடைத்தது. திறந்த மணற்கரையில் வாழ்ந்தவர்கள் துடுப்போடும் பாயோடும் நின்றார்கள். மீன்பிடித் தொழில் இயந்திரமயமானதைப் பற்றிய பாடநூல் பத்திகளில் இந்தப் புவியியல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது தையல் வந்தது வேறு திசையிலிருந்து. இங்கிலாந்தில் 1963இல் 'மிரர்' என்ற சிறு பாய்ப்படகு அறிமுகமானது. ஜாக் ஹோல்ட் வடிவமைத்தார். தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலை கற்பித்துப் புகழ்பெற்றிருந்த பேரி பக்னெல் கட்டும் முறையை வகுத்தார். படகுத் தச்சு அறியாத ஒருவர் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். பிளைவுட் துண்டுகளை அச்சுப்படி அறுத்து, விளிம்புகளில் துளையிட்டு, செப்புக்கம்பியால் தைத்து முறுக்கினால் தட்டைப் பலகைகள் தாமாகவே படகின் வளைவுக்கு வந்துவிடும். பின்னர் மூட்டின் மேல் பிசினில் தோய்த்த கண்ணாடியிழை நாடாவை ஒட்டவேண்டும். இறுகியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டிவிடலாம்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முதல் தையல் படகின் உயிர். இரண்டாவது, பிசின் காயும் வரை பலகையைப் பிடித்துவைக்கும் கை, அவ்வளவே. ஒன்று நெகிழ்வதற்காகத் தைக்கப்பட்டது. மற்றொன்று விறைப்பாக நிற்பதற்காகத் தைக்கப்பட்டது. எஞ்சினைத் தாங்கியது அந்த விறைப்பே.

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்திலும் தென்கேரளத்திலும் 1980களின் தொடக்கத்தில் இம்முறை வேரூன்றியது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதில் பெரும்பங்கு வகித்தது. அயினி, மா போன்ற பெருமரங்கள் அரிதாகி விலை ஏறியிருந்ததும் முக்கியக் காரணம். முட்டத்தில் பணியாற்றிய பியேர் ஜில்லே தம் அனுபவத்தை 1985இல் நூலாக்கியபோது அதற்கு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று பெயரிட்டார். சிறியது அழகு என்று பேசப்பட்ட காலத்தில் சிறியது கடினம் என்று ஒருவர் எழுதியிருப்பது கவனத்திற்குரியது.

எஞ்சினின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சினை அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கரை நெருங்கும்போது இதைத் தூக்கிக்கொள்ளலாம். ஆகவே விசிறி தப்பும். ஆனால் 1980களில் கேரளக் கரைகளில் பரவிய ஜப்பானிய எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டே அணைக்க வேண்டும். மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் விடியலில் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் கிளம்பாது.

கொல்லத்திற்கு வடக்கே ஒரு கரையில், நான் 'சேட்டா' என்று அழைத்துவந்த மெக்கானிக் ஒருவருடன் சில நாட்கள் அமர்ந்திருந்தேன். கிளம்பாத எஞ்சின் வந்தால் அவர் முதலில் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார். ஈரமாகவும் மண்ணெண்ணெய் வாடையோடும் இருந்தால் குற்றம் முந்தைய நாள் அணைத்தவருடையது. கரி படிந்திருந்தால் எண்ணெய்க் கலவை மிகுந்திருக்கிறது, அல்லது எஞ்சின் நெடுநேரம் மெதுவாக ஓடியிருக்கிறது. பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை. குழாயையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். பிளக் நன்றாக இருந்தும் ஓடி ஓடி நின்றால், குளிர்நீர் வெளியேறும் சிறு துளையில் நீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பார். அலையில் கலங்கிய மணல் புகுந்து பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைத் தின்றிருக்கும். எஞ்சின் ஓடியும் படகு நகரவில்லையென்றால் விசிறியின் முள் அறுந்திருக்கும். மணலில் தட்டும்போது பற்சக்கரம் உடையாமல் காக்கத் தானே அறுந்துபோகும்படி செய்யப்பட்டது அது. கவிழ்ந்து உப்புநீரில் மூழ்கிய எஞ்சினைக் கொண்டுவந்தால் மட்டும் அவர் கோபப்படுவார், அதுவும் தாமதத்திற்காக. நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு உடனே ஓடவைக்காவிட்டால் உள்ளே துரு பிடித்துவிடும்.

கயிற்றுத் தையலோடு ஒப்பிடத் தகுந்த அறிவு இதுதான் என்பது என் கருத்து. தொடர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது செப்புக்கம்பியில் இல்லை. இற்றதைப் பிரித்து மறுபடி ஓடவைக்கும் இந்தக் கைகளில் இருக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கயிற்றுக்கான நார் அதே ஊரின் தேங்காயிலிருந்து வந்தது. பிளக்கும் ரப்பர்ச் சக்கரமும் வெளியிலிருந்து வருகின்றன, மண்ணெண்ணெயும் அவ்வாறே. தொடக்கத்தில் ஏழெட்டுக் குதிரைத்திறனாக இருந்த எஞ்சின்கள், அடுத்த படகை முந்தும் போட்டியில் 25, 40 என்று ஏறின. எரிபொருள் தேவையும் கூடவே ஏறியது. 2020 முதல் பொது விநியோக மண்ணெண்ணெய்க்கு ஒன்றிய அரசின் விலை மானியம் இல்லை.

மாணவருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். படங்களை வைத்துக்கொள்ளலாம், குறிப்பை மட்டும் மாற்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவருடைய மறுமொழி ஒரே வரி: அந்த மெக்கானிக்கின் படம் இருக்கிறதா? இல்லை, நான் எடுத்தவை அனைத்தும் படகுகளின் படங்கள்.