எம். எஸ். பாஸ்கர்

சன் டிவியில் 2000களின் தொடக்கத்தில் ஒளிபரப்பான 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' நகைச்சுவைத் தொடரின் பட்டாபி பாத்திரத்தால் வீடுதோறும் அறிமுகமானவர். பிறந்தது 1957இல், முத்துப்பேட்டையில். 1987இல் விசுவின் 'திருமதி ஒரு வெகுமதி'யில் திரைக்கு வந்தார். ஆனால் நெடுங்காலம் டப்பிங் கலைஞராகவே உழைத்தார். முகத்தை அசைக்காமலே குரலால் வேடிக்கை காட்டும் வித்தை அங்கே கைவந்திருக்க வேண்டும்.

சீரியல் புகழ் சினிமாவில் துண்டு வேடங்களுக்குத்தான் வழிவிடும். அவருக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான்.

திருப்பம் ராதா மோகனின் 'மொழி' (2007). மகனைப் பறிகொடுத்த நாளோடு காலம் நின்றுபோன பேராசிரியர் ஞானப்பிரகாசம், பழைய செய்திகளையே புதுசாக விசாரித்துக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் உலவுவார். முதலில் சிரிக்கிறோம். மகன் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு அவர் உடைந்து அழும்போது, அதுவரை சிரித்தது உறுத்துகிறது. சிரிப்பு நடிகர் என்ற முத்திரை அந்தக் காட்சியில் கழன்றது.

'8 தோட்டாக்கள்' (2017) அவரை வறுமையில் வெந்த முதியவராக்கியது. 'பார்க்கிங்'கில் (2023) வாடகை வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக இளைஞனோடு மல்லுக்கட்டும் அரசு அலுவலர். வீம்புக்கே கார் வாங்குகிறார். 2025இல் அறிவிக்கப்பட்ட 71ஆவது தேசிய விருதுகளில், இந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகர் விருதை மலையாள நடிகர் விஜயராகவனுடன் பகிர்ந்துகொண்டார்.

மகன் ஆதித்யா, '96' படத்தில் பள்ளிப்பருவ ராமாக நடித்தவர்.