இராஜநாயக்கருக்கு வந்த அழைப்பு



சபைக்குள் வளர்ந்த நம்மில் பலருக்கு ‘அழைப்பு’ பழகிய சொல். கத்தோலிக்கர் வீட்டில் அது இறை அழைத்தல். சீர்திருத்தச் சபையார் வீட்டில் தேவ அழைப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனிடம் ‘உனக்கு ஊழிய அழைப்பு உண்டா?’ என்று கேட்பார்கள். சாக்கடை அள்ளிவிட்டு வந்து நிற்கும் அவன் தகப்பனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் செய்வது வேலை, அவ்வளவுதான்.

குருவும் துறவியும் மட்டுமே கடவுளால் அழைக்கப்பட்டவர்கள் என்ற எண்ணத்தை உடைத்தவர் மார்ட்டின் லூத்தர். செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் எல்லோருமே குருக்கள்தாம் என்று 1520இல் எழுதினார். தொழிலுக்கும் அழைப்புக்கும் சேர்த்து அவர் ஆண்ட ‘பெரூஃப்’ என்ற ஜெர்மன் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாக்ஸ் வேபர் 1904-05இல் தம் புகழ்பெற்ற ஆய்வை எழுதினார். சமூகவியல் மாணவர்கள் தேர்வுக்காகவாவது அதைப் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சிந்தனைக்கு இன்னொரு முனையும் உண்டு. அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும் என்கிறது 1 கொரிந்தியர் 7:20. சாதியுள்ள ஊரில் இந்த வசனம் யாருக்குப் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை. அடிமைக்கு விடுதலை பெறும் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிற அடுத்த வசனத்தைப் பிரசங்க மேடையில் நாம் அதிகம் கேட்டதில்லை.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது லூத்தரின் இந்தப் போதனையும் கூடவே இறங்கியது. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சாயின. அச்சான அந்த வேதம் ஒரு போர்வீரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பறையர், தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். ஆவணங்கள் அவரை இராஜநாயக்கன் என்கின்றன. நாம் இராஜநாயக்கர் என்றே சொல்வோம்.

அவருடைய அழைப்பு புத்தகத்தின் வழியாக வந்தது. படித்தார், படித்ததைப் பிறரிடம் பேசினார், தரங்கம்பாடியோடு தொடர்பு கொண்டார், கடைசியில் படையை விட்டு உபதேசியாரானார். எழுத்து மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்தவர் அச்சுப் புத்தகத்தைத் தானே படித்து, கடவுள் தன்னிடம் என்ன கேட்கிறார் என்று தானே முடிவு செய்தார். இதை நாம் சாதாரணமாகக் கடந்து போய்விடக் கூடாது. ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் எளிதில் நுழைய முடியாத காலம் அது. அங்கே சபையைத் தாங்கியது அவரைப் போன்ற உபதேசியார்கள் செய்த அன்றாட வேலை: ஊர் ஊராக நடப்பது, வாசித்துக் காட்டுவது, ஞானஸ்நானத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவது.

லூத்தரன் சபையில் உள்ளத்தில் கேட்கும் அழைப்பு மட்டும் போதாது. முறையான அழைப்பு பெறாதவர் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ சாக்கிரமெந்து வழங்கவோ கூடாது என்கிறது 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 14ஆம் பிரிவு. ஒருவருக்கு அழைப்பு உண்டா என்பதைச் சபைதான் உறுதி செய்ய வேண்டும். பொறுப்பான விதிதான், தப்பில்லை. ஆனால் சபை என்பது யார்? சாதி நுழைந்த வாசல் இதுதான்.

1733இல் வெள்ளாளரான ஆரோன் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். தமிழ் லூத்தரன் சபையின் முதல் சுதேச குரு அவர். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது இராஜநாயக்கரின் பெயரும் பேசப்பட்டது. அவருடைய தகுதியை மிஷனரிகள் மறுக்கவில்லை. பறையர் கையிலிருந்து சாதிக் கிறிஸ்தவர்கள் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்பதே அவர்களைத் தயங்க வைத்தது. 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போனது.

மிஷனரிகளைத் திட்டிவிட்டுப் போவது நமக்கு எளிது. அவர்கள் இந்தச் சாதியை உண்டாக்கவில்லை. அதற்கு முன்னால் தலை குனிந்தார்கள். சபை பிளந்துவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்துக்கான விலையை அவர்கள் கொடுக்கவில்லை, இராஜநாயக்கர் கொடுத்தார். கடவுள் அழைத்தாரா என்ற கேள்வி இருந்த இடத்தில், யார் கையால் வாங்கிச் சாப்பிடுவோம் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 1833இல், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதியைக் கைவிட வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சைச் சபைகளில் அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு சிறியதல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு தலித் முதன்முறையாகக் கர்தினாலானது 2022இல்: ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. அந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு மகிழ்ச்சி வந்தது. ஆண்டைப் பார்த்ததும் கோபமும் வந்தது.

நம் பிள்ளைகள் இன்று இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ‘அழைப்பு உண்டா?’ என்ற கேள்வியை எதிர்கொள்கிறார்கள். அவர்கள் ஜெபித்து, யோசித்து, நேர்மையாகப் பதில் சொல்கிறார்கள். அதே கேள்வியை எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடமும் கேட்கச் சொல்கிறோம்: அழைப்பைச் சோதிக்க உங்களை அழைத்தவர் யார்?

இராஜநாயக்கர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தார். 1771இல் இறந்தபோதும் அவர் உபதேசியார்தான்.