மகுடி இல்லாத மகுடி இசை

பாம்பாட்டியின் மகுடியைப் பற்றித் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று. அதன் அடியிற் பொருத்திய குழல்கள் இரண்டு. ஒன்று சுருதி கூட்ட, மற்றொன்று பண் இசைக்கும். நாகசுர வித்துவான்கள் புன்னாகவராளியில் ‘மகுடி’ வாசிக்கத் தொடங்கினால் அவை அசையாது அமர்ந்திருக்கும். ஆயினும், மகுடி என்றதும் இந்தியா எங்கும் பலர் நினைவில் எழும் மெட்டு மகுடியிற் பிறந்ததன்று.

1954-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பில்மிஸ்தான் நிறுவனத்தாரின் ‘நாகின்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. நாயகி, சென்னையில் பிறந்த வைஜயந்திமாலா. இசையமைத்தவர் வங்கத்து ஹேமந்த குமார். மகுடியே அப்படத்தின் உயிர்நாடி. ஆனால் உண்மை மகுடிக்குத் துளைகள் சிலவே. சுருதியும் குடுக்கைக்குக் குடுக்கை மாறும். ஒலிப்பதிவுக் கூடத்து வாத்தியக் கூட்டத்தோடு அதனை இணக்குவது எளிதன்று.

அவ்விடத்தை நிரப்பியது ஒரு பிரெஞ்சுக் கருவி. கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பார் 1947-இல் ஆக்கிய ‘கிளாவியோலின்’ அது. வானொலிப் பெட்டியில் இருந்தவை போன்ற வால்வுகளால் ஒலி எழுப்பும் சிறு கட்டைப் பலகை. ஒரு வேளையில் ஒரு சுரந்தான் எழும். மேனாட்டுச் சேர்ந்திசைக்கு இது பெருங்குறை. மகுடிக்கோ இதுவே பொருத்தம். ஒலியை நடுங்கச் செய்யும் அமைப்பும் அதில் உண்டு. கல்யாண்ஜி அதனை வாசிக்க, உதவியாளர் ரவி ஆர்மோனியத்தில் உடன் வாசித்தார். மின்னொலியின் கூர்மையும் ஆர்மோனிய நாக்கின் கரகரப்பும் கலந்து கேட்போர் செவியில் மகுடியாயின. ஹேமந்த குமாருக்குப் பிலிம்பேர் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசே. ஆனால் அக்காலத் திரைப்பட இசைத்தட்டில் பாடுவோர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் பொறிக்கப்படுமேயன்றி, வாத்தியம் வாசித்தோர் பெயரைக் காண்பது அரிது. கல்யாண்ஜியும் ரவியும் பின்னர்த் தாமே இசையமைப்பாளராய் உயர்ந்ததாற்றான் இச்செய்தி பரவலாக அறியப்பட்டது.

இதே கருவி எட்டாண்டு கழித்து இலண்டனில் வேறொரு புதுமை செய்தது. 1962 ஜூலை 10-இல் ‘டெல்ஸ்டார்’ என்னும் செய்மதி விண்ணில் ஏவப்பட்டது. அதன் வழியே கடல் கடந்து வந்த தொலைக்காட்சிப் படம் ஜோ மீக் என்பாரை ஆட்கொண்டது. அவர் எந்த வாத்தியமும் முறையாக வாசிக்கத் தெரியாதவர். மனத்தில் எழுந்த மெட்டைத் தாமே பாடி ஒலிநாடாவிற் பதிந்து பிறரிடம் கொடுப்பார். ஹாலோவே சாலையில், தோற்பொருட் கடையொன்றின் மேல்மாடியிலிருந்த வீடே அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். ‘டோர்னடோஸ்’ குழுவினர் கித்தாரும் முரசும் வாசித்துவிட்டு வெளியூர் நிகழ்ச்சிக்குப் போய்விட்டனர். பின்னர் ஜெப் கோடார்டு அதன்மேல் கிளாவியோலினைச் சேர்த்தார். அவர் அக்குழுவினர் அல்லர். தட்டிலோ குழுவின் பெயரே நின்றது. ‘டெல்ஸ்டார்’ அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. பிரிட்டிஷ் இசைக்குழு எதுவும் அதற்கு முன் அவ்விடத்தை எட்டியதில்லை.

மீக்கின் கைக்கு அதன் உரிமைப் பணம் வரவில்லை. மெட்டுத் தம்முடையது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் லெத்ரு வழக்குத் தொடுக்க, பணம் முடங்கியது. 1967 பிப்ரவரி 3-இல் மீக் இறந்தார். சில வாரங்களுக்குப் பின்னரே தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அந்த ஆண்டுகளில் மலாய் இளைஞரும் மின்கித்தார் எடுத்து, ‘கூகிரான்’ எனப்பட்ட குழுக்களை அமைத்தனர். கிளாவியோலினோ மெல்ல மறைந்து, இன்று பழம்பொருள் சேகரிப்போரிடம் காணத்தக்கதாயிற்று. ‘நாகின்’ மெட்டு மட்டும் மறையவில்லை. வடநாட்டுத் திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் அதனை முழக்கினர். தெருப் பாம்பாட்டிகளும் அதனைத் தம் சுரைக்குடுக்கையில் ஊதலாயினர்.