நிணநீர்ப் புற்றுநோய்: வகை கண்ட வரலாறு

நோய்க்கு மருந்து தேடுமுன், நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும். ஒரே பெயரால் வழங்கிய பல நோய்களை வேறு பிரித்தறிய மனிதர் எத்துணைக் காலம் உழைத்தனர் என்பதற்கு நிணநீர்ப் புற்றுநோயின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அவரை விதையளவான நிணநீர்க் கணுக்கள் உள்ளன. கிருமிகளோடு போரிடும் வெண்குருதிக் கலங்களுக்கு அவை பாசறைகள். கழுத்துக் கணுக்கள் வரிசையாய் வீங்கினால் நம் முதியோர் கண்டமாலை என்பர். அது பெரும்பாலும் சயரோகத்தால் வருவது. ஐரோப்பிய வைத்தியரும் இத்தகைய வீக்கங்களை நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணிவந்தனர்.

1832ஆம் ஆண்டில், இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் ஹொட்ஜ்கின் என்பார், கணுக்களும் மண்ணீரலும் வீங்கிய ஏழு நோயாளரைப் பற்றி எழுதி, இது தனியொரு நோய் என்றார். வெறுங்கண்ணாற் கண்டதே அவருக்குச் சான்று. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹொட்ஜ்கினின் பெயரையே சூட்டினார்.

பின்னர் நுணுக்குக்காட்டி துணைக்கு வந்தது. 1898இல் கார்ல் ஸ்டேர்ன்பேர்க் நோயுற்ற இழையத்திற் பல கருக்களையுடைய பெருங்கலங்களைக் கண்டார். ஆயினும் அதனைச் சயரோகத்தின் ஒரு வகையென்றே கருதினார். 1902இல் அமெரிக்காவில் டொரதி ரீட் என்னும் இளம் பெண் வைத்தியர் அக்கலங்களைத் தெளிவாக வரைந்து காட்டி, இது சயரோகம் அன்று என எடுத்துரைத்தார். இவ்விருவர் பெயராலேயே அக்கலங்கள் இன்றும் வழங்குகின்றன. ஹொட்ஜ்கின் காலத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட இழையங்களை 1926இல் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது, அவையெல்லாம் ஒரே நோயல்ல என்பதும் வெளிப்பட்டது.

ஹொட்ஜ்கின் வகையிற் சேராத ஏனைய நிணநீர்ப் புற்றுகளை வகுப்பதே பெரும்பாடாயிற்று. 1956இலும் 1966இலும் ஹென்றி ரப்பபோர்ட் இரு வினாக்களை எழுப்பினார். கலங்கள் முடிச்சு முடிச்சாய்த் திரண்டுள்ளனவா, அன்றிக் கணுவெங்கும் பரந்துள்ளனவா? அவை சிறியனவா, பெரியனவா? பெரிய கலங்கள் வேறு குலத்தன என்று அவர் கொண்டார்.

நம் ஹேவாஹெட்டத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் சல்லடையாலே தரம் பிரிப்பதைப் பார்த்திருக்கிறோம். சல்லடை தூளின் அளவைக் கூறும். எந்த மலையிற் கொய்த கொழுந்தென்று கூறாது. ரப்பபோர்ட்டின் முறைக்கும் இக்குறையே நேர்ந்தது. சிறிய வெண்கலமே தூண்டப்பட்டாற் பெருத்துப் பிரியும் என்பதை 1960இல் பீற்றர் நோவெல் கண்டிருந்தார். அக்கலங்களுள் பி, ரி என இரு குலங்கள் உண்டென்பதும் அதே பத்தாண்டில் விளங்கிற்று. ஆகவே 1974இல் ஜேர்மனியின் கீல் நகரில் கார்ல் லெனேர்ட்டும், அமெரிக்காவில் லூக்ஸ், கொலின்ஸ் ஆகியோரும், கலத்தின் குலத்தையே அடிப்படையாக வைத்து நோயை வகுத்தனர்.

இதனால் வேறொரு தொல்லை விளைந்தது. ஊருக்கொரு பட்டியலாயிற்று, ஓரிடத்து வைத்தியர் சொல்வது மற்றோரிடத்தில் விளங்கவில்லை. ஆறு பட்டியல்களை 1,175 நோயாளரின் இழையங்களில் ஒப்பிட்டு, 1982இல் ஒரு பொது உடன்பாடு செய்யப்பட்டது. கலத்தின் மேலுள்ள அடையாளங்களைப் பிறபொருளெதிரிகளாற் காணும் முறை வளர்ந்தபின், 1994இல் பன்னாட்டறிஞர் கூடிப் புதிய பட்டியல் வகுத்தனர். அதைத் தழுவி உலக சுகாதார தாபனம் 2001இல் தன் பட்டியலை வெளியிட்டது. 2022இல் மீண்டும் இரு பட்டியல்கள் தோன்றின. ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிதுக்சிமாப் என்னும் மருந்து, பி குலக் கலங்களின் அடையாளமொன்றைப் பற்றியே அவற்றை அழிக்கும். ரி குலப் புற்றில் அவ்வடையாளம் பெரும்பாலும் இராமையால் அம்மருந்தாற் பயனில்லை. குலமறியாது கொடுத்தால் மருந்தும் வீண், காலமும் வீண். நோயின் பங்கு நாட்டுக்கு நாடும் வேறுபடும். இந்தியாவில் 2,773 நிணநீர்ப் புற்றுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை, மேல்நாட்டில் மிகுந்துள்ள முடிச்சு வகை அங்கே குறைவு என்று காட்டியது.

இளைஞர்களே! ஹொட்ஜ்கின் நோய் வாலிபப் பருவத்தினரையும் பற்றுவது. எனினும் இன்று பெரும்பாலோர்க்குக் குணமாகக் கூடியது. கழுத்தில் எழுந்த வீக்கம் சில வாரங்களில் அடங்காவிடின், நோவில்லையே என்று பத்துப் போட்டுக் காலங்கழித்தலாகாது. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குச் சென்று காட்டுங்கள். முதியோரே! வைத்தியர் கணுவிற் சிறு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டுமென்றால் அஞ்சித் தடுக்காதீர்கள். நோயின் உண்மைப் பெயரை அத்துண்டே சொல்லும்.