மெட்டின் இருபுறமும்: தீர்வை இணக்கம் குறித்து

1. வரையறை

பண்டம் எல்லையைக் கடக்கையில் கொள்வது சுங்கம். அது விளையும் அல்லது செய்யப்படும் நாட்டுக்குள்ளேயே கொள்வது ஆயத்தீர்வை, வழக்கில் கலால். ஒரே சந்தையைப் பகிரும் அரசுகள், வரிவிதிக்கும் உரிமையை விடாமலே, ஒரு பண்டத்தின் மீதான ஆயத்தீர்வையைத் தம்முள் நெருக்கிக்கொள்வதைத் 'தீர்வை இணக்கம்' என்போம். சுங்கச் சாவடியை எடுப்பது வேறு, இணக்கம் வேறு. சாவடி போன பிறகுதான் இணக்கத்தின் தேவையே தெரியவரும்.

போடிநாயக்கனூருக்கு (போடி) அருகே ராசிங்காபுரத்து மலையடிவாரத்தில் நின்றால் இது விளங்கும். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள். இன்று கேரளம், முன்பு திருவிதாங்கூர். கீழே போடி, அன்று சென்னை மாகாணம். இரண்டுக்கும் இடையே போடிமெட்டு என்னும் மலைக்கணவாய்.

2. முதல் இணக்கம்: 1865

அவ்வாண்டில் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் வணிக உடன்படிக்கை செய்தன. அப்போது திருவிதாங்கூர் திவான் த. மாதவராவ். நிலவழிச் சுங்கம் பெரும்பாலும் நீங்கியது. நம் கருத்தைக் கவர்வது அதுவன்று, உப்பு. மலைக்கு ஒருபுறம் விலை குறைந்தால் தலைச்சுமையாகவே உப்பு மறுபுறம் போய்விடும். ஆகவே பிரிட்டிஷ் மாவட்ட விலையை ஒட்டியே உப்பு விற்கத் திருவிதாங்கூர் இசைந்தது. இழந்த வருவாய்க்கு ஈடும் பெற்றது. சாவடிநீக்கம், வீத இணக்கம், வருவாய் ஈடு என்னும் மூன்று படிகளும் இங்கே ஒருங்கே காணக் கிடைக்கின்றன. புகையிலையும் சாராயமும் அபினும் மட்டும் விலக்கு.

3. இரண்டாம் இணக்கம்: 2017

ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி). ஏலக்காய்க்கு மெட்டின் இருபுறமும் 5 விழுக்காடு. மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி கணக்கிட்டு ஐந்தாண்டு ஈடு. மூன்று படிகளும் மீண்டும் வந்தன. விலக்கும் கூடவே வந்தது. அருந்தும் மது முற்றிலும் வெளியே. பெட்ரோல், டீசல் உள்ளிட்ட ஐந்து பெட்ரோலியப் பொருள்கள் ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைக்கும் வரை வெளியே. 2023 ஏப்ரலில் கேரளம் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாக விதித்தது. தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் போடியிலேயே டீசல் நிரப்பிக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

4. விலக்கின் காரணம்

பண்டங்கள் மீதான வரிகளில் மாநிலம் தன் விருப்பப்படி கூட்டிக் குறைக்கக்கூடியவை பெரும்பாலும் மதுவின் மீதும் எரிபொருளின் மீதும் உள்ளவையே. ஐரோப்பிய ஒன்றியமும் இங்கே தயங்கியே நின்றது: 1992-இல் மதுவகைகளுக்குக் குறைந்தபட்சத் தீர்வை வகுத்தபோது, திராட்சை மதுவுக்கு அந்தக் குறைந்தபட்சம் சுழியம். அதை இணக்கம் என்று கொள்ள நமக்கு மனமில்லை.

போடிமெட்டில் வணிகவரிச் சோதனை 2017-இல் நின்றது. கலால் சோதனை நிற்கவில்லை.