உழைச்செல்வார் பெருகிய வரலாறு

மருத்துவம் என்பது மருந்து ஒன்றே அன்று. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்கு கூறுகளை உடையது அஃது எனத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வகுத்துரைத்தார். நான்காமவனை உழைச்செல்வான் என்றார். உடல்நோய்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். உளநோய்க்கும் அவன் இன்றியமையாதவன் என்பதை ஈழத்தமிழர் நன்கு உணர்ந்தது போரின் வாயிலாகவே. அவ்வுணர்வைக் கல்வியாக்கித் தந்தோருள் ஒருவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆவர்.

அவர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலே நோயாளரைப் பார்த்தும், பல்கலைக்கழகத்திலே மாணவருக்குக் கற்பித்தும் வந்தார். போர்க்காலத்திலே அவரிடம் வந்தோர் பலர் தம் உள்ளம் புண்பட்டது என்று கூறினாரல்லர். தலையிடி, நெஞ்சு இறுக்கம், உறக்கமின்மை, பெருமூச்சு என உடலின் மொழியிலேயே துயரைச் சொல்லினர். பெருமூச்சு எம்மவர் துயரை வெளியிடும் ஒரு வழக்கு என்பதை அவர் தம் ஆய்வுகளிற் பதிவு செய்தார். போர் தமிழர் உள்ளத்தில் விளைத்த கேடுகளை ஆராய்ந்த அவருடைய ஆங்கில நூல் 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எனினும், வடக்கிலே உளமருத்துவர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கது; புண்பட்டோர் தொகையோ எண்ணுக்கு அடங்காதது. 1995 ஒக்தோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தமை ஒன்றே இதற்குச் சான்றாகும். ஒருவர் ஓர் அறையில் இருந்து ஒவ்வொருவராகப் பார்த்து முடிக்கத்தக்க பணியோ இது? ஆதலின் அவர் ஆசிரியர்களையும் கிராமத் தொண்டர்களையும் பயிற்றுவிப்பதில் ஈடுபட்டார். யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டு தோன்றிய சாந்திகம் உளவளத்துணைப் பணியை வளர்த்தது. 1993இல் அவருடைய ‘மனவடு’ என்னும் தமிழ்க் கைந்நூல் வெளிவந்தது. அந்நூல் தமிழில் அமைந்தமையால், ஆங்கிலம் அறியாத தொண்டரும் துயருற்றோர்க்கு உதவும் முறையைக் கற்க முடிந்தது.

அவர் பயிற்றுவித்தவற்றுள் மூச்சுப்பயிற்சி, தியானம், செபம் என்பனவும் அடங்கும். சைவருக்கு மந்திரம், கிறித்தவருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என அவரவர் மரபே அவரவர்க்கு ஆறுதலாயிற்று. கடும் உளநோய்க்கு மருந்து வேண்டும் என்பதை இது மறுப்பதன்று. மருந்து வேண்டாத துயர் மிகப் பல என்பதையே காட்டுகின்றது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின் பின்னரும், 2009இல் வன்னிப்போர் முடிந்த பின்னரும், புண்பட்டது தனிமனிதன் மட்டும் அன்று, குடும்பமும் ஊருமே என்பதை அவர் வற்புறுத்தினார். இதனைக் கூட்டு மனவடு என்பர். ஒருவரை ஒருவர் நம்பும் இயல்பே குலைந்தவிடத்து, அதனை மீட்பதற்கு ஊரே கூடவேண்டும்.

வடக்கின் இவ்வரலாறு மலையகத்தார்க்கு அயலானதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்ட மக்களுட் பலர், 1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களினால் வன்னிக்குப் பெயர்ந்தனர். பின்னர் அங்கும் போர் அவர்களைச் சூழ்ந்தது. நோர்வூட், அற்றன் முதலிய இடங்களில் எஞ்சிய உறவினரோ, பிரிவுத் துயருடன் லயங்களிலே வாழ்ந்தனர். கடனும் குடியும் குடும்பத்தைக் குலைக்கும்போது, அதன் சுவடு முதலிற் பாடசாலைப் பிள்ளையின் முகத்திலே தோன்றும். அம்முகத்தை நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே. பொறுமையுடன் செவிமடுத்தல், கேட்டதைப் பிறரிடம் கூறாமை, தம்மால் இயலாதவிடத்து உளமருத்துவரிடம் அனுப்புதல் என்னும் மூன்றையும் அவர் கற்றல் வேண்டும். இவற்றைக் கற்ற ஆசிரியர் மலையகப் பாடசாலைதோறும் உளராயின், அங்கும் உழைச்செல்வார் பெருகுவர்.